"நான்தான் போன் அடிச்சேன்"

1

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க என் மகளை அடித்தேன்.

ஜெர்மனியில் பெற்ற பிள்ளையைக்கூட அடிக்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. வந்த நாளிலிருந்து நான் சட்டத்துக்கு நடுங்கிக்கொண்டு வாழ்கிறவன். குப்பையை நான்காகப் பிரித்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பதால் சனிக்கிழமையே சட்னி அரைத்து வைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்டவனுடைய கை அன்றைக்கு என்னைக் கேட்காமலே நீண்டுவிட்டது.

யாழினிக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் விளையாட்டுத் திடலில் ஊஞ்சலாடிவிட்டு வந்தவள், பெஞ்சில் கிடந்த ஒரு போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அப்பா, யாரோ விட்டுட்டு போயிட்டாங்க!"

அவள் கையில் அந்தப் போனைப் பார்த்ததும் "கீழ போடு" என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. இன்னும் கிட்டே வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தேன். போன் மணலில் போய் விழுந்தது. அவள் கை சிவந்துவிட்டது.

நாயோடு நின்றிருந்த ஒரு மூதாட்டி நேராக எங்களிடம் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து யாழினியிடம், அப்பா உன்னை அடித்தாரா என்று கேட்டார். என் மகள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தெள்ளத்தெளிவான ஜெர்மனில், "என்னை இல்லை. அவர் போனைத்தான் அடித்தார்" என்றாள்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும், இரண்டு மொழியிலும் யோசிக்கிறவளும் இல்லை. நான்தான் இன்னமும் எதைக் கேட்டாலும் மனதுக்குள் தமிழில் மாற்றிப் பார்க்கிறவன். போன் அடித்தார். மாற்றிப் பார்த்ததும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

2

மறுநாள் அவள் பள்ளிவிட்டு வந்ததும் அந்தப் போனோடு என்னை நகராட்சி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்டெடுத்த பொருளை வாங்கி வைப்பதற்கென்றே அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. குடை, சாவி, ஒற்றைக் கையுறை, பல்செட் என்று பின்னால் அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஜன்னலில் இருந்த அம்மாவிடம் நான்தான் பேச ஆரம்பித்தேன். பதற்றத்தில் 'கண்டெடுத்தோம்' என்பதற்குப் பதிலாக 'தொலைத்தோம்' என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா, தொலைத்தவர்களுக்கான படிவத்தை நீட்டி, போன் என்ன நிறம் என்று என்னை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். யாழினி முகம் சுருங்கிப்போய், "அப்பா, ப்ளீஸ், நீ பேசாத" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் அவளே பேசி முடித்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வெளியே போனால் அவள் அப்பா, நான் பிள்ளை.

படிவத்தில் ஏகப்பட்ட கேள்விகள். எங்கே கிடந்தது, எந்த நேரத்தில், எடுத்தவர் பெயர் என்ன. உரியவர் வந்தால் எடுத்தவருக்கு வெகுமதி வேண்டுமா? ஆறு மாதம் யாரும் வராவிட்டால் பொருளை எடுத்தவரே வைத்துக்கொள்ள விருப்பமா? என் மகள் ஒவ்வொன்றாக நாக்கைத் துருத்திக்கொண்டு நிரப்பினாள். அந்த அம்மா முத்திரை குத்தி, ரசீது கொடுத்து, எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார்.

நம்மூரில் இதற்கெல்லாம் சட்டம் ஏது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. பிற்பாடு நான் தேடிப் படித்தேன், படிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. கண்டெடுத்தவர் அந்தப் பொருளைத் தன் பொருளைப்போல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உரியவரைக் கண்டுபிடிக்கத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்து வைத்திருந்தால் அது குற்றமே இல்லை. இவ்வளவும் அச்சடித்த சட்டம்தான்.

இத்தனையும் செய்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை. அவரைத்தான் திருமழிசை பஸ் ஸ்டாப்பில் போட்டு மிதித்தோம்.

3

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் பதிவு செய்து, பாஷை படித்து, பரீட்சை எழுதி, கடைசி அழைப்புக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரம். அந்த வாரத்தில் எந்த நாளும் போன் வரும், எடுக்காவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் போனைத் தொலைத்தேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரும் பஸ்ஸில், சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் பை காலி. வேறு போனிலிருந்து கூப்பிட்டால் அணைந்து கிடந்தது. என் கூட வேலை பார்க்கும் குமரேசன் ஒரே போடாகப் போட்டான்: "அடிச்சிட்டான் மச்சான். சுட்ச் ஆஃப் பண்ணிக்கீறான் பாரு, தொழில்காரன்." அன்றிரவு நான் தூங்கவில்லை, சோறு இறங்கவில்லை, ஒரு வயதுக் குழந்தை அழுததற்கு மனைவி மேல் பாய்ந்தேன்.

போனை எடுத்தவர் பெயர் எபினேசர். வெள்ளானூர்க்காரர், பெயின்ட் அடிக்கிற வேலை, அப்போது நாற்பது வயதிருக்கும். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவர் வீட்டிலிருந்த சார்ஜர் அதற்குச் சேரவில்லை. மறுநாள் காலை சிம்மை மட்டும் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். பழைய சிம், அதில் ஏழெட்டு நம்பர் பதிந்திருந்தது. அதில் ஒன்று குமரேசன் நம்பர். கூப்பிட்டு, போன் தன்னிடம் இருக்கிறது, எங்கே வந்து தரட்டும் என்று கேட்டிருக்கிறார்.

குமரேசன் போனில் தேனாகப் பேசினான். வைத்ததும் பட்டறையில் ஐந்து பேரைத் திரட்டினான். "சிம்ம உருவிட்டான், மச்சான். பேரம் பேசத்தான் வரான். வரட்டும்" என்றான். நான் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மத்தியானம் ஒரு மணி வெயில். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். விரல் நகமெல்லாம் வெள்ளைப் பெயின்ட். ஸ்வீட் கடை கவரில் போனைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"யாருண்ணா குமரேசன்?"

குமரேசன் அவர் காலரைப் பிடித்தான். "சிம்மு எங்கடா?"

"என் போன்ல கீதுண்ணா. கழட்டித் தரேன், இரு."

"சிம்ம இன்னாத்துக்குடா உருவுன? நீதான போன் அடிச்சது?"

"ஆமாண்ணா, நான்தான் போன் அடிச்சேன்" என்றார். பெருமையாகவே சொன்னார்.

பர்ஸ் அடித்தான் என்றால் திருடினான். போன் அடித்தான் என்றால் கூப்பிட்டான். நம்மூரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். குமரேசன் ஒன்றைக் கேட்டான், அவர் இன்னொன்றுக்குப் பதில் சொன்னார். எனக்கும் அது புரிந்திருக்க வேண்டும். நானும் அதே பேச்சைப் பேசி வளர்ந்தவன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் புரிந்துகொள்ள இஷ்டமில்லை. முதல் அறையை நான்தான் விட்டேன். இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து, முழுக் கையும் விரித்து, லேத் ஓட்டி உரமேறிய கையால் விட்ட அறை. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

அப்புறம் ஐந்து பேரும் பாய்ந்தார்கள். ஒருவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான், அவர் குப்புற விழுந்தார். ஹெல்மெட்டால் முதுகில் குத்தினார்கள். விலா எலும்பில் செருப்புக் காலோடு ஏறி நின்றான் ஒருவன். டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து, "இன்னா, திருடனா?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்வதற்குள் அவர்களும் ஆளுக்கு இரண்டு வைத்தார்கள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து யாரோ ஒருவன் இறங்கி வந்தான். இன்ன விஷயம் என்று கேட்கவில்லை. இடுப்பில் மூன்று உதை உதைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அந்த ஆளை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவனைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது.

எபினேசர் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் மடக்கி வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கத்தி வைத்திருக்கிறான் என்று எவனோ சொன்னான். அதற்கு இன்னும் நாலு மிதி விழுந்தது. அவர் வாயில் ரத்தமும் மண்ணுமாக என்னவோ கத்திக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகக் கேட்டது.

"போன் ஒடஞ்சிடும்ணா… போன் ஒடஞ்சிடும்."

என் போனைத்தான் அவர் வயிற்றுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட விழாமல் அது எனக்குக் கிடைத்தது.

4

போலீஸ் வந்து அவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. எங்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஒரு மனிதனை இப்படி அடித்திருக்கிறார்களே, யார் அடித்தது என்று கேட்பார்களோ என்று நடுங்கிக்கொண்டு போனேன். அந்தக் கேள்வியைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. புகார் எழுதிக் கொடு என்றார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். 'நான்தான் போன் அடிச்சேன் என்று பொதுமக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்' என்று எழுதியதை ஏட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"படிச்சவன்தானேப்பா நீ? அடிச்சேன்னா எழுதுவாங்க? திருடினேன்னு ஒப்புக்கொண்டார்னு எழுது."

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். உள்ளறையிலிருந்து லத்தி விழும் சத்தமும், ஒவ்வொரு அடிக்கும் "ஐயா" என்ற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போனிலிருந்த என் சிம்மைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. நேற்றே கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் சொன்னாள்: "நேத்து காலைல ஒருத்தர் எடுத்தாருங்க. போன தொலச்சவரு பாவம், தேடிக்கினு இருப்பாரு, இன்னிக்குள்ள அவர் கையில குடுத்துடுறேன், கேன்சல் மட்டும் பண்ணிடாதம்மான்னு கெஞ்சினாரு. அதனாலதான் உங்க பேர எடுக்காம வெச்சிருக்கேன். அவ்ளோ உரிமையா பேசினாரே, யாரு, உங்க மாமாவா?"

ஆமாம் என்றேன்.

பட்டறைக்குப் போய்க் குமரேசனிடம் சொன்னேன். அவனுக்கும் முகம் வெளிறிவிட்டது. அப்புறம், "இப்ப போயி மாத்தி சொன்னா உன்மேலதான் மச்சான் கேஸு திரும்பும். பாஸ்போர்ட்டு வெரிஃபிகேஷன் கீது. ஊட்ல கைக்கொழந்த கீது. அவன் எப்டியும் பெயில்ல வந்துருவான்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்க விரும்பியதைத்தான் அவன் சொன்னான். நாலு மாதத்தில் விமானம் ஏறிவிட்டேன்.

5

எபினேசர் பெயிலில் வந்தார், ஆனால் வழக்கு முடியவில்லை. புகார் கொடுத்தவன் சாட்சி சொல்ல வேண்டும், அவன் வெளிநாட்டில் இருக்கிறான். சம்மன் என் பழைய வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, போலீஸ் சான்று கேட்டதில் அது போனது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் திருட்டு கேஸ் என்று கேள்விப்பட்டு எழுந்து போனார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவி ஸ்டெல்லா எப்படியோ என் நம்பரைப் பிடித்துவிட்டார். மூன்று வருஷமாக வாட்ஸ்ஆப்பில் குரல் அனுப்புவார். திட்டியதே இல்லை. "தம்பி, அடுத்த மாசம் வாய்தா கீது, ஒரு தபா வந்து சொல்லிட்டு போயிடு தம்பி" என்பார். நான் கேட்பேன், பதில் போட மாட்டேன். நீலக்குறி அவருக்குப் போயிருக்கும்.

யாழினியை அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாக அவரைக் கூப்பிட்டேன். வக்கீலிடம் விசாரித்து வைத்திருந்த ஒரு வழியைச் சொன்னேன். பொருளுக்கு உரியவனான நானே சமாதானமாகப் போகிறேன் என்று மனு போட்டால் வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை.

ஸ்டெல்லா போனைக் கணவரிடம் கொடுத்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குரலை அன்றைக்கப்புறம் அப்போதுதான் கேட்கிறேன்.

"சமாதானம்னா இன்னா எழுதுவாங்க அதுல?"

"நான் உங்கள மன்னிச்சிட்டதா எழுதுவாங்க."



"நீ என்ன மன்னிக்கிறியா?" என்றார். "வேணாம் சார். எட்டு வருசம் நின்னுட்டேன், இன்னும் நிக்கிறேன். திருடலன்னு சொல்றதா இருந்தா வா. இல்லாங்காட்டி நீ அங்கயே இரு."

வைத்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஒளிப்பானேன். இவ்வளவு இறங்கி வருகிறேனே என்று தோன்றியது. சமையலறையில் நின்று அதை மனைவியிடம் கத்திச் சொல்லும்போதே என் குரல் எனக்கு அசிங்கமாகப் பட்டது.

திருடவில்லை என்று சொன்னால் என் புகார் பொய்யாகிவிடும். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு, பாஸ்போர்ட்டும் சிக்கலாம், இங்கே வேலையும் போகலாம் என்று வக்கீல் அடுக்கினார். கலைச்செல்வி, என் மனைவி, மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "போய்ட்டு வா. நீ வராம போனா நான் இவளக் கூட்டிக்கினு ஊருக்கு வந்துடுறேன்" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

6

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் சொல்கிறார்கள். எதிரி எபினேசர் என்று கூப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்த ஒருவர் வந்து கூண்டில் நின்றார். விரல் நகத்தில் பெயின்ட் இருந்தது. ஸ்டெல்லா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் என் புகாரைக் காட்டி, கையெழுத்து உங்களுடையதா என்றார். ஆமாம் என்றேன். எதிரி உங்கள் போனைத் திருடினாரா என்றார்.

"இல்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். திருடினேன் என்று ஒப்புக்கொண்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். ஒப்புக்கொள்ளவில்லை, போன் பண்ணியது தான்தான் என்று சொன்னார், நாங்கள் அதை வேறாக எடுத்துக்கொண்டோம், மறுநாளே எனக்கு உண்மை தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். அரசு வக்கீல் அலுப்போடு, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவர் உடம்புல காயம் இருந்ததா ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு. யார் அடிச்சது?"

"முதலில் அடித்தது நான்தான் அம்மா. அப்புறம் இன்னும் பலர்."

"இதனால உங்களுக்கு என்ன வரும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

அவர் எபினேசர் பக்கம் திரும்பி, சாட்சி சொன்னதைக் கேட்டீர்களா என்றார். எபினேசர் தலையைச் சாய்த்து, வலது காதின் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கலம்மா. இந்தப் பக்கம் காது போயிட்ச்சி. அவரு இந்தப் பக்கமா நிக்கிறாரு."

நான் நின்றது அவருக்கு இடது புறம்.

"சத்தமா சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட். "அவருக்குத்தான் கேக்கணும்."

சொன்னேன். போதவில்லை, கேட்கவில்லை என்று எபினேசர் தலையை ஆட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "அவர் திருடல. என் போனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார். நான்தான் அவரை அடிச்சேன்." வராந்தாவில் நின்றவர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எபினேசர் என்னைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "எழுதிக்கினியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"படிச்சிக் காட்டும்மா."

அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். அவர் படியுங்கள் என்றார். எபினேசர் கூண்டுக்குள்ளேயே திரும்பி, நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து நின்று முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.